நம்மூர்க் கோட்டைகள்: பார்க்கப் போவோமா?

முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்பார்கள். செங்கல்பட்டைச் சுற்றியிருக்கும் பழைய கட்டடங்களுக்கு இந்தப் பழமொழி அப்படியே பொருந்தும். எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வந்து பார்க்கிறார்கள். இங்கேயே நான்கு வருடம் படித்து, பஸ் பிடித்து, டீ குடித்துத் திரிந்தவர்களைக் கேட்டால், "மகாபலிபுரம்தானே? போயிருக்கோமே!" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மகாபலிபுரம் சரி. சதுரங்கப்பட்டினம்? ஆலம்பரை? வல்லம்? செங்கல்பட்டுக் கோட்டை? இந்தப் பெயர்களைச் சொன்னால் பாதிப் பேர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

நண்பர்களே, இது ஊர் சுற்றிப் பார்ப்பதற்கான கட்டுரைதான். ஆனால் சுற்றும்போது மனத்தில் வைத்துக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. கட்டடத் தொழிலில் இருப்பவன் என்பதால் என் கண்ணுக்கு அதுதான் முதலில் படுகிறது. பாறையில் குடைந்தது தானாக நிற்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது, யாராவது கவனித்தால்தான் நிற்கும். நம் பகுதியில் இரண்டும் இருக்கின்றன. பாறைகளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. செங்கல்தான் திண்டாடுகிறது.

வல்லமும் கழுக்குன்றமும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில், ஊரைத் தாண்டிய சற்று நேரத்திலேயே வருவது வல்லம். சின்னக் குன்று, அதில் மூன்று குடைவரைக் கோயில்கள். மேலே உள்ளதில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனுக்கு அடங்கிய வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் இந்தக் கோயிலைச் செய்வித்தான் என்று அது சொல்கிறது. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். அதாவது மாமல்லபுரத்து ரதங்களுக்கும் முந்தையது. ஒரு குறுநிலத் தலைவன் வீட்டுப் பிள்ளை, 1400 வருடத்துக்கு முன் தன் பெயரைப் பாறையில் எழுதி வைத்தான். இன்றைக்கும் நின்று படிக்கலாம்.

அங்கிருந்து திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீஸ்வரர். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போவதைப் பார்க்க ஒரு காலத்தில் கூட்டம் அலைமோதும். தொண்ணூறுகளின் பிற்பாதியில் அவை வருவது நின்றுபோயிற்று. மலை இருக்கிறது, கோயில் இருக்கிறது, பெயரிலும் கழுகு இருக்கிறது, கழுகுதான் இல்லை.

மலையில் உள்ள ஒருகல் மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். இதுவும் பல்லவர் காலக் குடைவரை. வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் காலத்துக் கல்வெட்டு இங்கே உண்டு. அதோடு இன்னொன்றும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைக் கல்லில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். "அட, அந்தக் காலத்திலேயும் இதே வேலைதானா!" என்று சிரிப்பு வரும். முந்நூறு வருடம் ஆனதால் அது சரித்திரம் ஆகிவிட்டது. அதைச் சாக்கு வைத்து நம் தம்பிகள் யாரும் ஆணியை எடுத்துவிட வேண்டாம்! இன்றைக்குச் செய்தால் அதற்குப் பெயர் குற்றம்.

சதுரங்கப்பட்டினம்: காவல் கிடைத்த கோட்டை

அந்த டச்சுக்காரர்கள் எங்கே தங்கியிருந்தார்கள் என்று பார்க்க, கிழக்கே கடற்கரைக்குப் போக வேண்டும். கல்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது சதுரங்கப்பட்டினம். வெள்ளைக்காரன் வாயில் அது 'சட்ராஸ்' ஆயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே துணி வாங்க வந்தது. நம் பகுதி நெசவாளிகளின் மெல்லிய மஸ்லின்தான் அவர்களை இழுத்தது. வாங்கிய சரக்கைப் பத்திரப்படுத்தக் கிடங்கு கட்டினார்கள். கிடங்கைப் பத்திரப்படுத்தக் கோட்டை கட்டினார்கள். வியாபாரத்தின் தர்க்கம் எந்த நூற்றாண்டிலும் ஒன்றுதான்.

1781இல் ஆங்கிலேயர் இதைப் பிடித்தார்கள். அடுத்த வருடம், 1782 பிப்ரவரி 17 அன்று, இந்தக் கரைக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரானின் கப்பல்களும் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் மோதிக்கொண்டன. உலகக் கடற்படை வரலாற்றில் 'சட்ராஸ் போர்' என்று பெயர் பெற்ற சண்டை இது. 1818இல் கோட்டை மறுபடி டச்சுக்காரர்களிடம் போயிற்று. 1824ஆம் வருட உடன்படிக்கைப்படி, 1825இல் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

உள்ளே போனால் நீளமான வளைவுக் கூரையுடைய கிடங்குகளும், உருவங்கள் செதுக்கிய டச்சுக் கல்லறைகளும் இருக்கின்றன. அந்தக் கல்லறை எழுத்தின் நேர்த்தியைப் பார்ப்பதற்கே தனியாக ஒரு தடவை போகலாம். எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். இடிந்த பாகங்கள் நிறைய. ஆனாலும் மிச்சம் நிற்கிறது. காரணம் சாதாரணமானது: மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பு, ஒரு வேலி, ஒரு கதவு, ஒரு காவலாளி. பழைய கட்டடத்துக்கு ஆயுள் நீட்டிக்கும் முதல் மருந்து இவைதான்.

ஆலம்பரை: கடல் தின்னும் கோட்டை

இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கடப்பாக்கம். அதையொட்டி, கழிமுகத்தின் ஓரத்தில் இருப்பது ஆலம்பரைக் கோட்டை. மொகலாயர் காலத்தில் எழுந்தது. பின்பு ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலிகான் வசம் இருந்தது. துறைமுகமும் நாணயச் சாலையும் இருந்த இடம் இது. 1750இல், செய்த உதவிக்குக் கைம்மாறாக, பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குக் கொடுக்கப்பட்டது. பத்து வருடம் கழித்து, 1760இல், ஆங்கிலேயர் பிடித்து இடித்துப் போட்டார்கள். காசு அடித்த ஊர் அதோடு மீனவக் குப்பமாக ஒடுங்கியது.

பீரங்கி பாதி இடித்தது. மிச்சத்தை உப்புக் காற்றும் அலையும் இடித்துக்கொண்டிருக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியும் தன் பங்குக்கு அடித்தது. நிற்கும் சுவர்களின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தட்டைச் செங்கல், அதற்குச் சரிசமமான கனத்தில் சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் இன்றைய சிமென்டைப் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே மாட்டிக்கொண்டு செங்கல்லையே பொரியாகப் பொரித்துவிடும். பழைய கட்டடத்தைச் 'சரி' செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சாந்துக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்குத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவருகிறார்கள்.

செங்கல்பட்டுக் கோட்டை: கண் முன்னே மறைந்தது

இப்போது நம் ஊருக்கே திரும்புவோம். செங்கழுநீர்ப்பட்டு, செங்கல்பட்டு ஆயிற்று என்பார்கள். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் விஜயநகர மரபினர் இங்கே கோட்டை கட்டினார்கள். ஏரித் தண்ணீரையே அரணாக வைத்துக்கொண்ட புத்திசாலித்தனமான கோட்டை. 1751இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1752இல் கிளைவ் மீட்டான். 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியை நொறுக்கியபோது, கூடப் போயிருக்க வேண்டிய மன்றோ பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு ஓடிவந்து மூச்சு வாங்கியது இந்தச் செங்கல்பட்டில்தான்.

இவ்வளவு பெரிய கதை உள்ள கோட்டையின் நிலத்தின் ஊடே ரயில் போகிறது. காஞ்சித் தேர் போன்ற வடிவில் கட்டிய ராஜமகால் இங்கே இருந்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. 1887இல் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி கோட்டைக்குள் வந்தது. பின்னால் வேறு அலுவலகங்களும் வந்தன. ஏரியோரம் ரயிலில் போகும் ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. மாவட்டத் தலைநகர் என்ற பெருமைக்கு இந்தக் கோட்டையின் கதையும் சேர வேண்டாமா?

மணல் காத்தது, மனிதர் காத்தது

மாமல்லபுரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1984இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு உடனே பஸ் ஏறிவிடாமல் கலங்கரை விளக்கத்துக்கும் போய்வாருங்கள். உள்ளூர்க் கல்லிலேயே எழுப்பிய வட்டக் கோபுரம். அங்கே ஒரு அருங்காட்சியகமும் உண்டு. அது வருவதற்கு முன்பு, பக்கத்துப் பாறை மேலிருக்கும் பல்லவர் காலத்து உலக்கணேசுவரர் கோயிலின் உச்சியில்தான் விளக்கு எரிந்தது. பழைய கட்டடத்துக்குப் புது வேலை கொடுப்பது இன்று வந்த யோசனை இல்லை.

வடக்கே சாளுவன்குப்பம். புலிக்குகை எல்லோருக்கும் தெரியும். அதற்கு அருகில்தான் என் கட்சிக்குப் பலம் சேர்க்கும் சாட்சி இருக்கிறது. சுனாமி மணலை வாரிக்கொண்டு போனதும் ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அது சொன்ன முருகன் கோயிலைத் தேடி 2005இல் தோண்டினார்கள். கருங்கல் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் கிடைத்தது. பல்லவருக்கு முற்பட்டது என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள். சங்க காலம் வரை கொண்டு போகிறவர்களும் உண்டு. அத்தனை நூற்றாண்டு அந்தச் செங்கல்லைக் காத்தது மணல். எல்லாச் செங்கல்லுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

மணல் செய்ததை மனிதர்கள் செய்தது முட்டுக்காட்டில். 1996 டிசம்பரில் திறந்த தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, கேரளத்து மரவீடு என்று, இடிக்கவிருந்த வீடுகளை வாங்கி, கழற்றி, இங்கே கொண்டுவந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். எந்த உத்திரம் எந்தத் தூணில் உட்கார்ந்தது என்று குறித்து வைக்காமல் இது நடக்குமா? அளவு எடுத்து, படம் வரைந்து வைத்தால் கட்டடத்துக்கு இரண்டாவது ஆயுள் உண்டு என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

கடலை நிறுத்த நம்மால் முடியாது. ரயில் பாதையை மாற்ற முடியாது. வேலி போடுவது அரசாங்கத்தின் வேலை. ஆனால் அளவெடுத்துப் பதிவு செய்வது நம்மால் முடியும். நம் கல்லூரியில் சர்வே கற்றுக்கொடுக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் விளையாட்டு மைதானத்தையே திரும்பத் திரும்ப அளந்து ரெக்கார்டு எழுதுகிறார்கள். அந்த டோட்டல் ஸ்டேஷனைத் துறையின் அனுமதியோடு ஒரு வாரம் ஆலம்பரைக்குக் கொண்டு போனால் என்ன? சுவர் சுவராக உயரம், கனம், செங்கல் அளவு, வெடிப்பு எல்லாம் குறிக்கலாம். படத்தின் ஒரு பிரதி தொல்லியல் துறைக்கு, ஒரு பிரதி நம் நூலகத்துக்கு. அடுத்த வருடம் அதே இடத்தில் அளந்தால் கடல் எவ்வளவு தின்றது என்று கணக்கே கிடைத்துவிடும். மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். போட்டோ எடுக்கவும், கம்ப்யூட்டரில் சேர்க்கவும், ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கதை கேட்கவும் ஆள் வேண்டும். பஸ் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் முன்னாள் மாணவர் சங்கம் ஏற்றால், அது இந்த ஆண்டின் உருப்படியான செலவாக இருக்கும்.

சங்கத்தின் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர நண்பர்கள் கைகொடுக்க வேண்டுகிறேன். அதுவரை, சந்திப்புக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் ஊருக்குக் கிளம்பும்முன் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். காலையில் வல்லம், வெயில் ஏறுமுன் கழுக்குன்றம், மதியம் சதுரங்கப்பட்டினம், மாலையில் ஆலம்பரை. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஆலம்பரைச் சுவரை அவர்கள் இப்போதே தொட்டுப் பார்க்கட்டும்.