கடல் கடந்த இரு கடிதங்கள்



கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் காணாமலே நட்புப் பூண்டனர் என்று இலக்கிய வகுப்பில் படித்திருப்பீர்கள். அத்தகைய முகமறியா நட்பைப் பள்ளிப் பிள்ளைகளிடையே வளர்ப்பதே 'பேனா நண்பர்' என்னும் வழக்கம். இரு நாட்டுச் சிறுவர் கடிதம் எழுதிக்கொள்வதில் சரித்திரம் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

அமெரிக்காவில் அயோவா மாநிலம் மக்காச்சோள விளைவுக்குப் பெயர் பெற்றது. அங்கே டான்வில் என்னும் சிற்றூரில் பேர்டி மேத்யூஸ் என்ற ஆசிரியை இருந்தார். அவர் தம் மாணவர்களிடம் அயல்நாட்டுப் பிள்ளைகளின் பெயர்களைக் கொடுத்துக் கடிதம் எழுதச் செய்தார். ஜுவானிட்டா வாக்னர் என்ற பத்து வயதுச் சிறுமி ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் சிறுமி ஒருத்தியின் பெயரைத் தேர்ந்துகொண்டாள். அவளுக்கும் வயது பத்துதான். அவள் பெயர் ஆன் பிராங்க்.

ஜுவானிட்டா தன் வீட்டைப் பற்றியும், பண்ணையைப் பற்றியும், அக்காள் பெட்டியைப் பற்றியும் எழுதினாள். ஆன் எழுதிய பதிலில் 1940 ஏப்ரல் 29 என்று தேதியிட்டிருக்கிறது. அவளுடைய அக்காள் மார்கோட்டும் பெட்டிக்கு ஒரு கடிதம் எழுதினாள். இரண்டும் ஆங்கிலக் கடிதங்கள். தந்தையார் ஓட்டோ பிராங்க் மொழிபெயர்த்து உதவியிருக்கலாம் என்பது ஆராய்ந்தோர் கருத்து. ஆன் தன் பள்ளியைப் பற்றி எழுதினாள். தான் ஏறத்தாழ 800 படத் தபாலட்டைகள் சேர்த்திருப்பதாகவும் எழுதினாள். போரைப் பற்றி அவள் ஒரு சொல்லும் எழுதவில்லை. பதினான்கு வயது மார்கோட்டோ, ஜெர்மனியின் எல்லையை ஒட்டிய சிறு நாட்டில் வாழும் தங்களுக்கு ஒருபோதும் அச்சம் நீங்குவதில்லை என்று குறிப்பிட்டாள். ஆயினும் தாங்கள் யூதர்கள் என்பதை இருவருமே எழுதவில்லை. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், சொந்த நாடான ஜெர்மனியை விட்டு ஹாலந்தில் தஞ்சம் புகுந்த குடும்பம் அது.

ஆன் கடிதம் எழுதிய பதினோராம் நாள், மே 10 அன்று, ஜெர்மானியப் படை ஹாலந்துக்குள் புகுந்தது. டான்வில் சகோதரிகள் ஆவலுடன் மறுகடிதம் எழுதினர். பதில் வரவில்லை.

1942 ஜூலையில் பிராங்க் குடும்பம் தலைமறைவாயிற்று. 1944 ஆகஸ்டு 4-இல் அவர்கள் பிடிபட்டனர். 1945-இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் சகோதரிகள் இருவரும் மாண்டனர். போர் முடிந்ததும் பெட்டி பழைய முகவரிக்கே மீண்டும் எழுதினாள். இம்முறை பதில் வந்தது. எழுதியவர் ஓட்டோ பிராங்க். தம் மக்களின் முடிவை அவர் அதில் தெரிவித்திருந்தார். தங்கள் தோழியர் யூதர்கள் என்பதே வாக்னர் சகோதரிகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்நாளில் பெட்டி கிராமப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணியாற்றினாள். அக்கடிதத்தை அவள் தன் மாணவர்களுக்குப் படித்துக் காட்டினாள்.

நான் பல ஆண்டுகள் சரித்திரம் கற்பித்தவன். போர் தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு, மாண்டோர் தொகை ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன், மறுநாள் கேட்பேன். கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் என்று பிழையின்றிச் சொன்ன மாணவனுக்கு முழு மதிப்பெண் அளித்தேன். அத்தொகை அவன் உள்ளத்தைத் தொட்டதா என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. டான்வில் ஆசிரியை தம் மாணவியரிடம் கொடுத்தது ஒரு பெயர், அவ்வளவே. ஆயினும் அதன் பயனாக, பண்ணையில் வளர்ந்த இரு பெண்களுக்கு அந்தப் பெருந்தொகை தங்கள் தோழியர் இருவரின் மரணமாயிற்று.

அவ்விரு கடிதங்களும் 1988-இல் 1,65,000 டாலருக்கு ஏலம் போயின. ஜுவானிட்டாவின் கைக்கு வந்த நாளில் அவை தபாலில் வந்த பிள்ளைகளின் கடிதங்கள், வேறொன்றுமல்ல. மாணவர்களே, ஒரு நாட்டாரையோ ஓர் இனத்தாரையோ பிறர் பழித்துப் பேசக் கேட்கும்போது, அவர்களிடையேயும் படத் தபாலட்டை சேர்க்கும் ஒரு பிள்ளை இருக்கும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அப்பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொள்ள வாய்ப்பு நேர்ந்தால் உடனே ஒரு கடிதம் எழுதுங்கள்.