மலேரியா ஒழிந்த தீவில் விழிப்புணர்வு யாருக்கு?

2016 செப்டெம்பரில், இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானவர். ஆனால் கிருமியைச் சுமக்கும் அனோபிலிஸ் நுளம்பு தீவை விட்டுப் போய்விடவில்லை. மலேரியா உள்ள நாடுகளுக்குப் போய்வருவோரும் குறையவில்லை. நோய் இல்லை, அது பரவத் தேவையானவை எல்லாம் உண்டு. இந்த நிலையில் விழிப்புணர்வை யாருக்கு ஊட்டுவது? சுவரொட்டியும் துண்டுப்பிரசுரமும் பொதுமக்களுக்கு என்பதே வழக்கமான விடை. இலங்கையின் வரலாறு அந்த விடையை ஏற்கவில்லை. இங்கே மறதி முதலில் பிடித்தது சுகாதாரத் துறையைத்தான்.

1934ஆம் ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா போன்ற ஆறுகள் ஓட்டமிழந்து குட்டைகளாகத் தேங்கின. நுளம்புகள் அவற்றில் பெருகின. தொடர்ந்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கடுமையாகத் தாக்கப்பட்டது, மலேரியாவுக்குப் பேர்போன உலர் வலயம் அல்ல. அந்நோயை அதிகம் அறியாத ஈர வலய ஓரங்கள். காய்ச்சலுடனேயே வாழ்ந்த வன்னி மக்களின் உடலில் ஓரளவு எதிர்ப்பாற்றல் இருந்தது, ஈர வலய ஓரத்துக் கேகாலை மக்களுக்கு அது இல்லை. இன்று தீவு முழுவதுமே அன்றைய கேகாலையின் நிலையில்தான் இருக்கிறது.

டி.டி.டி. தெளிப்பு 1940களின் நடுப்பகுதியில் தொடங்கியது. 1963இல் நாடு முழுவதும் கண்டறியப்பட்ட நோயாளர் வெறும் 17 பேர். வெற்றி கைக்கு எட்டியது என்ற நம்பிக்கையில் தெளிப்பு நிறுத்தப்பட்டது. குருதிப் பரிசோதனையும் கண்காணிப்பும் தளர்ந்தன. இரத்தினக்கல் தோண்டிய குழிகளில் நீர் தேங்கியது, தோண்ட வந்தவர்கள் ஊர்விட்டு ஊர் போனார்கள், மழையும் தவறியது. 1969இல் மட்டும் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. இதற்கு மக்களின் அறியாமை காரணமல்ல. காய்ச்சலை எப்படி அடையாளம் காண்பது என்று அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வெற்றி உள்நாட்டுப் போருக்கு நடுவே வந்தது. 1999இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேலாக இருந்த நோயாளர் தொகை 2008இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. நோயாளி வைத்தியசாலைக்கு வரும்வரை காத்திராமல் நடமாடும் குழுக்கள் ஊர்களுக்கே சென்று குருதி எடுத்தன. மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வடகிழக்குக்குப் போய்ச் சேர்ந்தன. வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்பவும் எழும். அதனால் காய்ச்சல் தணிந்த பின்னும் பிரைமாகுயின் மாத்திரை 14 நாட்களுக்குக் கொடுக்கப்பட்டது.

இப்போது பதிவாகும் நோயாளர்கள், ஆண்டுக்குச் சில பத்துப் பேர், வெளிநாட்டில் தொற்றி வருபவர்கள்: ஆப்பிரிக்காவுக்குப் போய்வரும் இரத்தினக்கல் வியாபாரிகள், அமைதிப்படை வீரர்கள், இந்தியாவுக்குப் போய்வரும் யாத்திரிகர்கள். அப்படி வந்த ஒருவர் காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போனால் வைத்தியரின் மனத்தில் முதலில் தோன்றுவது டெங்கு. இரண்டு நோயிலும் குருதிச் சிறுதட்டுகள் குறையும். மலேரியா நோயாளியை ஒருமுறையும் நேரில் பார்த்திராத இளம் வைத்தியரைக் குற்றம் சொல்ல முடியாது. “அண்மையில் வெளிநாடு போனீர்களா?” என்ற கேள்வி எழாவிட்டால் சரியான பரிசோதனையும் நடக்காது. பல்சிபாரம் வகை மலேரியாவில் சில நாள் தாமதமே உயிர் போகப் போதுமானது.

நேரத்தோடு கண்டறிந்தால் பரவலைத் தடுக்கலாம் என்பதற்கு 2018இல் மொணராகலை மாவட்டத்தில் நடந்தது நல்ல சான்று. வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு மலேரியா தொற்றியது. ஒழிப்புக்குப் பின் அதுவே முதல் முறை. முதல் நோயாளி கண்டறியப்பட்டதும் சுற்றியிருந்தவர்களின் குருதி பரிசோதிக்கப்பட்டது, நுளம்புக் கட்டுப்பாடு முடுக்கிவிடப்பட்டது, தொற்று அத்துடன் நின்றது.

பொதுமக்களின் பங்கு எங்கே? மன்னார் அதைக் காட்டுகிறது. தமிழ்நாட்டு நகரங்களில் நெடுங்காலமாக மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி நுளம்பு, இலங்கையில் முதன்முதலாக அங்கேதான் கண்டறியப்பட்டது. 2017இல் அச்செய்தி வெளியானது. காட்டாறு தேடாத இனம் இது. வீட்டுக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் அதற்குப் போதும். கிணற்றிலிருந்து ஒரு வாளி நீரை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தால் போதும்: டெங்கு நுளம்பின் குடம்பி தலைகீழாகச் சாய்ந்து தொங்கும், அனோபிலிஸ் குடம்பி நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடையாகக் கிடக்கும். இதைப் பார்க்கத் தெரிந்த வீட்டுக்காரர், நுளம்பு ஒழிப்போம் என்ற பொதுவான சுவரொட்டியைப் படித்தவரைவிடப் பயனுள்ளவர். குடிக்கும் கிணற்றில் மருந்து ஊற்ற அவர் தயங்குவார். அங்கே குடம்பி தின்னும் மீன் விடலாம், கிணற்றை வலையால் மூடலாம்.

ஆகவே செய்தி ஆளுக்கேற்ப மாற வேண்டும். ஆப்பிரிக்கா போகிறவருக்குப் புறப்படுமுன் தடுப்பு மாத்திரை, மன்னார்க் குடும்பத்துக்குக் கிணற்றுமூடி, வைத்தியருக்குப் பயணக் கேள்வி. ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி பார்ப்பவருக்கும் ஒன்று உண்டு: ஆண்டுக்கணக்கில் கிருமியைக் காணாத கண்ணுக்குத் தொற்றுள்ள குருதிப் படலங்களைக் காட்டி இடையிடையே பயிற்சி. சில பத்து நோயாளிகளுக்காக இத்தனை ஆளணியா என்று வரவுசெலவுத் திட்டக் காலத்தில் யாரும் கேட்கலாம். 17 நோயாளிகளோடு நின்ற நாடு ஆறு ஆண்டுகளில் எங்கே போனது என்ற புள்ளிவிவரத்தைச் சுகாதார அமைச்சின் மலேரியா தடை இயக்கம் அந்த மேசையில் வைக்க வேண்டும்.