200 நிமிடங்கள்: ஆதாரக் கல்வியின் கால அட்டவணையை மறுபடி கூட்டிப் பார்த்தல்

கைத்தொழில் வழியாகக் கற்பிக்கும் காந்தியின் ஆதாரக் கல்விக்காக ஜாகிர் உசேன் குழு 1938இல் தந்த கால அட்டவணை ஆறே வரி. அடிப்படைக் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம், இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம், தாய்மொழிக்கு 40, சமூகப் பாடத்துக்கும் பொது அறிவியலுக்குமாக 30, உடற்பயிற்சிக்கு 10, இடைவேளை 10. ஆகமொத்தம் ஐந்தரை மணி. ஆதாரக் கல்வியை ஆராய்ந்தவர்களில் ஒரு சாரார் முதல் வரியோடு நின்றுவிட்டார்கள். பள்ளி நாளில் அறுபது விழுக்காட்டை நூல் நூற்கும் தக்ளி விழுங்கியது, மிஞ்சியதில்தான் படிப்பு என்பது அவர்கள் வாசிப்பு. இக்கட்டுரை இரண்டாம் வரியிலிருந்து தொடங்குகிறது.

மூன்று பாடங்களுக்கு 40 நிமிடம் என்றால் கணக்குக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 13 நிமிடம் தேறும். குழுவில் இருந்தவர்கள் யார்? தலைவர் ஜாகிர் உசேனும் கே.ஜி. சையிதைனும் கல்வியையே தொழிலாகக் கொண்டவர்கள். அமைப்பாளர் ஆரியநாயகம் யாழ்ப்பாணத்தவர், சாந்திநிகேதனில் பணியாற்றியவர். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா கணக்காயர். இவர்கள் ஒரு குழந்தைக்குக் கணக்குப் போட 13 நிமிடம் போதும் என்று நினைத்திருப்பார்களா? ஒன்று, அவர்கள் கவனமில்லாமல் எழுதினார்கள். அல்லது கணக்கின் பெரும்பகுதி வேறொரு வரிக்குள் இருக்கிறது. கைத்தொழிலையும் பாடங்களையும் இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று அறிக்கையே சொல்கிறது; மறுதரப்பு அதை வெறும் நல்லெண்ணம் என்று தள்ளிவிடுகிறது. சரி, வாக்கியங்கள் கிடக்கட்டும். எண்களை மட்டும் பார்ப்போம்.

முதல் வரியின் கைத்தொழில் நூற்பு என்று கொள்வோம். தக்ளியில் நூற்ற நூலை ஒரு பிள்ளை சட்டத்தில் சுற்றுகிறது. சுற்றுக்கு நான்கு அடி. பத்துப் பத்தாக எண்ணி 160 சுற்று வந்தால் 640 அடி, அதாவது 213 கெஜம். இனி தராசு. ஒரு தட்டில் நூல், மறு தட்டில் ஒரு வெள்ளி ரூபாய். அந்தக் காலத்து வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை. தட்டுகள் சமமாக நின்றால் அது ஏறத்தாழ 10ஆம் நம்பர் நூல். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ அதுவே நூலின் நம்பர்; ஒரு பவுண்டுக்கு 39 தோலாவுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துப் பெருக்கினால் விடை வந்துவிடும். அதே 160 சுற்று அரைத் தோலாதான் நிற்கிறது என்றால் நம்பர் 20. எடை பாதியாகும்போது எண் இரட்டிக்கிறது. எதிர்விகிதம் என்று பிற்பாடு பாடப்புத்தகம் பெயர் சூட்டுவதைக் கை முன்னதாகவே பிடித்துவிடுகிறது. பஞ்சுப்பட்டையைச் சற்றுத் தாராளமாக விட்ட பிள்ளைக்கு நம்பர் ஏன் இறங்கியது என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, தராசு சொல்லும்.

ஏழு வயதுப் பிள்ளை இந்த வகுத்தலைச் செய்யாது. அது எண்ணும், சுற்றும், அறுந்த இழையை ஒட்டும். வகுத்தல் மேல்வகுப்புக்கு உரியது. 200 நிமிடத்தையும் கணக்கு நிரப்பிவிடும் என்றும் இங்கே வாதிடவில்லை. கொட்டை நீக்குவதும் பஞ்சு அடிப்பதும் பெரும்பாலும் உழைப்பே. ஆனால் படிப்புக்கும் உழைப்புக்கும் இடையிலான கோடு அட்டவணையின் முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் ஓடவில்லை, முதல் வரிக்கு உள்ளேயே ஓடுகிறது. முந்தைய வாசிப்பு தவறவிட்டது இதைத்தான்.

தற்சார்பு பற்றிய ஆட்சேபம் உண்டு. பிள்ளைகள் நூற்றதை விற்று ஆசிரியர் சம்பளம் தருவது என்ற காந்தியின் யோசனையை 1937 அக்டோபர் வார்தா மாநாட்டிலேயே பொருளியலாளர் கே.டி. ஷா எதிர்த்தார். அதே ஷா பிறகு குழுவிலும் உறுப்பினராக இருந்தார் என்பதை அவரை மேற்கோள் காட்டுவோர் சொல்வதில்லை. வரவுக்கு முக்கியத்துவம் தந்தால் ஆசிரியர்கள் பிள்ளைகளிடமிருந்து வேலை வாங்குவதிலேயே குறியாக இருந்துவிடுவார்கள் என்ற எச்சரிக்கை அறிக்கைக்குள்ளேயே இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர் போதுமான அளவுக்கு இல்லை என்ற வாதமும் உண்டு; அது நடைமுறை பற்றிய வாதம், அட்டவணையின் பொருளைப் பற்றியதல்ல.

தமிழ்ச் சூழலில் அந்த முதல் வரி மட்டும் கண்ணில் படுவதற்கு வேறொரு காரணம் இருப்பதாகத் தோன்றுகிறது. சென்னை மாநில முதல்வர் ராஜாஜியின் 1953ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்சப் பொழுதில் பிள்ளை பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் காமராஜர் பதவிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது சரியே. அந்தக் கசப்பு பின்னோக்கிப் பாய்ந்து வார்தாவின் அட்டவணையையும் நனைத்துவிட்டது.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒற்றுமையைவிட முரண்தான் துருத்துகிறது. வார்தாவில் கைத்தொழில் பள்ளிக்குள் வந்தது. 1953இல் அது பள்ளிக்கு வெளியே போனது. வார்தா அட்டவணைப்படி நெசவாளி பிள்ளையும் வக்கீல் பிள்ளையும் ஒரே அறையில் ஒரே தக்ளியைச் சுற்றுவார்கள், சாதி பார்த்துத் தொழில் இல்லை. 1953 திட்டத்திலோ குயவர் பிள்ளைக்குச் சக்கரம், வண்ணார் பிள்ளைக்குத் துறை. எல்லாவற்றுக்கும் மேலாக, மட்கலத்தின் கொள்ளளவையோ நூலின் நம்பரையோ கேள்வியாக மாற்றித் தர ஓர் ஆசிரியர் அங்கே நிற்கவில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் கைவேலை கைவேலையாகவே நின்றுவிடும். முதல் வரியைக் கண்டித்தவர்கள் உண்மையில் கண்டித்தது இதை என்றால் அவர்களோடு சண்டையில்லை. ஆனால் அது 1938இன் அட்டவணை அன்று.

அட்டவணையில் வேறொரு வரி உறுத்துகிறது. ஐந்தரை மணி நேரத்தில் இடைவேளை 10 நிமிடம். பருத்தியோ தராசோ எந்த வாசிப்புக்குத் துணை வந்தாலும், ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இதை எழுதிய கையை இக்கட்டுரையால் காப்பாற்ற முடியவில்லை.