மீரியபெத்தையும் இயங்குநேர மாதிரியுருவும்

ஓர் அமைப்பு, தன்னைப் பற்றியும் தன் சூழலைப் பற்றியுமான மாதிரியுருவொன்றைத் தன்னகத்தே கொண்டு, நிலைமை மாறுந்தோறும் அதனைப் புதுக்கி, அதன்வழித் தன்னையும் மாற்றிக்கொள்ளல் வேண்டும் என்பது கணினியியலில் அண்மைக்காலத்தில் வலுப்பெற்ற கருத்தாகும். முன்னர் மாதிரியுரு பெரும்பாலும் மென்பொருளை ஆக்குவோரின் மேசையோடு நின்றுவிடும். ஆக்கம் முடிந்தபின் அது வெறும் ஆவணமே. 2003 இல் கெபார்ட், செஸ் ஆகிய ஐ.பி.எம். ஆய்வாளர் இருவரும் நோக்கல், ஆய்தல், திட்டமிடல், செயற்படுத்தல் என நான்கு படிகள் கொண்ட சுற்றினை விளக்கினர். 2009 இல் பிளேர், பென்கோமோ, பிரான்ஸ் ஆகியோர் இயங்குநேர மாதிரியுரு பற்றி எழுதினர்.

இக்கருத்தின் வலிமையும் எல்லையும் ஊவா மலைச்சரிவுகளின் வரலாற்றிலே தெளிவாகப் புலப்படுகின்றன. 1986 இன் மண்சரிவு அழிவுகளுக்குப் பின்னர், 1990 இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் அபாய வரைபடமாக்கல் தொடங்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்ட அப்பணியில் பாறையமைப்பு, மண்படை, சரிவு, நீரோட்டம், நிலவடிவம், நிலப்பயன்பாடு ஆகிய ஆறும் கணிக்கப்பட்டன. இது மலையின் மாதிரியுரு எனலாம். ஆயின், தாளிலுள்ள வரைபடம் அசையாதது. மலையோ மழைதோறும் மாறுவது. ஆதலின் வரைபடத்துக்கு மழைமானி துணையாயிற்று. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை பெய்யின் விழிப்பு, 100 மி.மீ. ஆயின் வெளியேற ஆயத்தம், 150 மி.மீ. ஆயின், அன்றி ஒரு மணி நேரத்தில் 75 மி.மீ. ஆயின், வெளியேற்றம். இவ்வாறு நோக்கல் மாதிரியுருவுக்கு உயிரூட்டுகின்றது.

எனினும், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் நிகழ்ந்ததென்ன? அங்குள்ள லயன்கள் அபாயத்தில் உள்ளன என 2005, 2011 ஆம் ஆண்டுகளிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து அவற்றைப் புதைத்தது. நோக்கலும் ஆய்தலும் நடந்தேறின. நான்காம் படியே நிகழவில்லை. தப்பியோருக்கு 2016 இல் வேறிடத்திற் புதுவீடுகள் கையளிக்கப்பட்டமை, அப்படி இயலாததன்று என்பதையே காட்டுகின்றது.

இதற்கான காரணம் பெருந்தோட்ட வரலாற்றிலேயே உள்ளது. கம்பெனித் தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாயின. 1992 முதல் முகாமை தனியார் கம்பெனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் எவற்றாலும் லயன்வாசி தன் குடியிருப்புக்கு உரியவனாகவில்லை. வெளியேறுக என்றால், எங்கே செல்வது? தன்னைத் தானே மாற்றும் மென்பொருளில் அறிவதும் முடிவெடுப்பதும் மாற்றுவதும் ஒரே சுற்றினுள் அடங்கும். தோட்டத்திலோ அபாயத்தை அறிவோர் ஒருவர், நிலத்தை ஆள்வோர் வேறொருவர், சரிவின்கீழ் உறங்குவோர் பிறிதொருவர். இம்மூவரையும் இணைக்காத சுற்று, எத்துணை நுண்ணிய மாதிரியுருவைக் கொண்டதாயினும், எச்சரிக்கையோடு நின்றுவிடும்.

2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் மீண்டும் பெரும் மண்சரிவுகளை விளைத்தது. மழைமானிகள் பெருகல் நன்றே. ஆனால் மீரியபெத்தையின் வரலாறு முதலிற் கோருவது, பாதுகாப்பான நிலத்தில் தொழிலாளருக்கு உரித்துடைய வீடேயாகும்.