வசதி

தமிழில் 'வசதியான குடும்பம்' என்றால் பணமுள்ள குடும்பம். சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தெலுங்கில் வசதி என்பது தங்குமிடம். விடுதி மாணவருக்கு அது அன்றாடச் சொல். 'வஸ்' என்னும் வடமொழி வேர், குடியிருத்தலைக் குறிப்பது. வசிப்பது, வனவாசம் எல்லாம் அதன் பிள்ளைகள். தெலுங்கு மூல அர்த்தத்தை விடாமல் வைத்துக்கொண்டது. தமிழோ வீட்டிலிருந்து வீட்டின் சௌகரியத்துக்கும், அங்கிருந்து செல்வத்துக்கும் நகர்ந்துவிட்டது.

2020-இல் ஆந்திர அரசு 'வசதி தீவென' திட்டத்தைத் தொடங்கியது. தீவென என்றால் ஆசி. தமிழ்க் காதுக்கு வசதிபடைத்தோர் திட்டம் போலக் கேட்கும். உண்மையில் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேற்படாத வீட்டுப் பிள்ளைகளின் விடுதி, சாப்பாட்டுச் செலவுக்காக வந்தது அது: ஆண்டுக்கு ஐ.டி.ஐ. மாணவருக்கு 10,000, பாலிடெக்னிக்குக்கு 15,000, பட்டப்படிப்புக்கு 20,000 ரூபாய். பணம் தாயின் வங்கிக் கணக்குக்குப் போனது.

படிப்புக் கட்டணம் இதில் சேரவில்லை. அதற்கு 'வித்யா தீவென' என்ற தனித் திட்டம் இருந்தது. கட்டண உதவியும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது. இடம் அரசுக் கலந்தாய்வு வழியான கன்வீனர் கோட்டாவில்தானா என்று சேர்க்கைக்கு முன்பே பெற்றோர் கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டுப் பயனில்லை. 2024-இல் ஆட்சி மாறியதும் தீவென என்ற பெயர் போய்விட்டது. கட்டணம் ஒரு கணக்கு, தங்கிச் சாப்பிடுவது இன்னொரு கணக்கு என்ற பிரிவு அப்படியே இருக்கிறது. குடும்பங்கள் பெரும்பாலும் முன்னதை மட்டுமே எண்ணிக் கிளம்புகின்றன.