கலமும் மின்கலமும்

கலம் என்னும் சொல்லுக்குப் பாத்திரம் என்றும் மரக்கலம் என்றும் பொருள் உண்டு. பேட்டரியை மின்கலம் என்று அழைக்கத் தொடங்கியபோது அச்சொல் மூன்றாவது பொருளையும் ஏற்றுக்கொண்டது. செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையின் வரலாற்றில் இவ்விரு கலங்களும் சந்தித்த இடத்தைக் காண்பதே நம் நோக்கம்.

பழங்காலத்தில் ஒளி கரையில்தான் இருந்தது. நீர்ப்பெயற்று என்னும் துறையில் உயர்ந்த மாடத்தின்மேல் இரவில் ஏற்றிய விளக்கு கலங்களுக்குத் திசை காட்டியதைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. அத்துறையை மாமல்லபுரத்தோடு தொடர்புபடுத்தும் அறிஞர்கள் உளர். மகிடாசுரமர்த்தினி குகையின் மேலுள்ள பல்லவர் காலத்துக் கோயிலின் உச்சியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விளக்கேற்றினர். அருகிலுள்ள கற்கோபுரக் கலங்கரை விளக்கம் 1904இல் பணியைத் தொடங்கியது.

கட்டுமரத்திலோ எரிபொருளும் இல்லை, இயந்திரமும் இல்லை. கயிற்றால் பிணைத்த மரங்கள், துடுப்பு, பாய், இவற்றோடு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரித்தறியும் அறிவு, இவையே மூலதனம். 1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே ஒப்பந்தம் கேரளத்தில் படகு இயந்திரமயமாக்கலுக்கு வழிவகுத்தது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் அலையடிக்கும் கரைகளுக்கேற்ற படகுகளை ஆராய்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கட்டுமரங்களை அடித்துச் சென்றபின், நிவாரணமாகப் பெருமளவில் வந்தவை இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகளே. பின்னர் விளக்கும் வானொலியும் ஜி.பி.எஸ். கருவியும் படகேறின. அவற்றோடு மின்கலமும் ஏறியது.

ஈய-அமில மின்கலத்தை 1859இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். 1912இல் காடிலாக் கார் மின்சாரத்தால் முடுக்கும் இயந்திரத்தோடு விற்பனைக்கு வந்தது. 1960களில் டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்தது. பாய்மரப் படகு இவற்றைக் காரிடமிருந்தே கடன் வாங்கியது. சிக்கலும் அங்கேயே பிறந்தது. கார் ஓடும்வரை அதன் இயந்திரமும் ஓடும், மின்கலமும் நிரம்பிக்கொண்டிருக்கும். பாய்மரப் படகில் இயந்திரம் துறையில் நுழையவும் வெளியேறவும் சிறிது நேரமே ஓடும். விளக்கும் வானொலியுமோ இரவு முழுதும் மின்சாரத்தை உண்ணும்.

ஆகவே இரு மின்கலங்கள் வைத்தனர். ஒன்று இயந்திரத்தை முடுக்க, மற்றொன்று படகின் அன்றாடத் தேவைக்கு. இடையே நான்கு நிலைகள் கொண்ட சுவிட்ச்: முதலாவது, இரண்டாவது, இரண்டும், அணைப்பு. இரண்டும் என்ற நிலையிலேயே விட்டுவிட்டு உறங்கினால் விடியலில் இரண்டும் வெறுமையாகி, இயந்திரம் முடுங்காது. இயந்திரம் ஓடும்போது அணைப்புக்குத் திருப்பினாலோ, போக்கிடம் இழந்த மின்சாரத்தின் அழுத்தம் திடீரென உயர்ந்து ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கருகக்கூடும். விதைநெல்லை உணவுநெல்லோடு கலக்காத உழவனின் விவேகத்தையே இந்தச் சுவிட்ச் மாலுமியிடம் கேட்கிறது.

பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி 1964இல் நீரில் இறக்கிய சுஹைலி என்னும் பாய்மரப் படகை இங்கு நினைவுகூரலாம். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதில் தனியாக, எங்கும் நிற்காமல் 312 நாட்களில் உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22 அன்று கரை சேர்ந்தார். பயணத்தின் நடுவே வானொலி பழுதாகி, உலகம் பல மாதங்கள் அவரைப் பற்றி அறியாதிருந்தது. ஆயினும் பாய் இருந்தது; அதை இயக்கும் அறிவும் இருந்தது.

நம் கரையின் கண்ணாடியிழைப் படகுகளில் பாய் அரிதாகிவிட்டது. எந்தக் கட்டுமரக்காரரும் ஒரே பொருளை நம்பிக் கடலில் இறங்கியதில்லை. பாய் கிழிந்தால் துடுப்பு உண்டு, துடுப்பு போனால் மிதக்கும் மரம் உண்டு. இரண்டாவது மின்கலம் அந்தப் பழைய எச்சரிக்கையின் தொடர்ச்சியே. ஆனால் பாயோடு சேர்ந்து மறையும் காற்றின் பெயர்களுக்கு மாற்றுக் கலம் எதுவும் இல்லை. அவற்றை அறிந்த முதியவர்கள் மீனவக் குப்பங்களில் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது தமிழ் படித்த நம்மைப் போன்றோரின் கடமை.