மின்னியற் கல்வியும் கணித அச்சமும்

மன்னார்ப் பெருநிலக் கரையில், அரிப்புக்குத் தெற்கே அமைந்த சிலாவத்துறை முத்துக்குளிப்பினாற் பெயர்பெற்ற ஊராகும். ஆங்கிலராட்சிக் காலத்திற் குளிப்பு நிகழ்ந்த ஆண்டுகளில், கொட்டில்களாலாய பெருஞ்சந்தையொன்று அங்கே சில வாரங்களுக்குத் தோன்றி மறையும். வணிகர் முத்துக்களைச் சல்லடைகளால் தரம்பிரித்து, நிறுத்து, விலை கணித்தனர். ஒரே தரத்து முத்துக்கள் இரண்டனுள் ஒன்றின் எடை மற்றதன் இருமடங்காயின், அதன் விலை நான்மடங்காகும். எடையை எடையாற் பெருக்கும் இவ்வர்க்கக் கணக்கு, அவர்களுக்குக் கரும்பலகைக் குறியீடாக வரவில்லை. உள்ளங்கையிற் கிடந்த பொருளின் பெறுமதியாகவே வந்தது.

இக்கரை மின்னியலுக்கும் அயலானதன்று. 1850-களின் பிற்பகுதியில் இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த தந்திக்கம்பி மன்னார் வழியாகவே கடலைக் கடந்தது. 2020-ஆம் ஆண்டு டிசெம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ காற்றாலைத் தொகுதி திறக்கப்பட்டது. முப்பது சுழலிகளைக் கொண்ட அதன் ஆற்றல் 103.5 மெகாவாற்று. எனினும், அச்சுழலிகளின் நுட்பத்தைக் கற்க விழையும் மாணவர் பலரைக் கணிதம் வாயிலிலேயே தடுத்து நிறுத்துகின்றது. கணிதத்திற் பின்தங்கியவன் மின்னியலைக் கற்கலாமோ என்னும் வினாவிற்கு அத்துறையின் வரலாறே தக்க விடை தருகின்றது.

மின்னியலின் தந்தையருள் முதல்வராக எண்ணத்தக்க மைக்கேல் பரடே, 1791-இற் கொல்லன் ஒருவனுக்கு மகனாகப் பிறந்தார். வறுமை காரணமாகப் பள்ளியில் எழுத்தும் எளிய எண்ணும் மாத்திரமே கற்று, புத்தகங் கட்டுவோரிடம் தொழில் பயின்றார். கட்டுதற்கு வந்த நூல்களைப் படித்தே மின்னைப் பற்றி அறிந்தார். 1831-இல் கம்பிச்சுருளினுட் காந்தத்தைச் செலுத்தி மின்னோட்டம் பிறப்பதைக் கண்டார். இன்றும் மன்னாரிற் சுழலும் மின்பிறப்பாக்கிகள் அத்தத்துவத்தாலேயே இயங்குகின்றன. அவருடைய ஆய்வு நூலிற் சமன்பாடுகளைக் காண்டல் அரிது. சூத்திரம் எழுத இயலாதவர், காந்தத்தைச் சூழ்ந்து இரும்புத்தூள் அமையும் கோடுகளை நோக்கி, விசைக்கோடுகள் என்னும் கருத்தை வகுத்தார்.

இதனைக் கொண்டு, கணிதம் வேண்டா என முடிவு செய்தல் பிழையாகும். பரடே அளவையைத் துறந்தவரல்லர். பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட எண்ணிட்ட பந்திகளில் தம் சோதனைகளைக் குறித்து வைத்தவர். அவருடைய கருத்துக்கள் கணித உருப்பெறுதற்கு மக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் தோன்றவேண்டியிருந்தது. பரடேயின் நூலைப் படித்து முடிக்குமுன் மின்னியல் பற்றிய கணித நூல்களைத் தொடுவதில்லை என அவர் உறுதி பூண்டிருந்தார். பொருளறிவு முன்னும் குறியீடு பின்னுமாக அமைந்த அவ்வொழுங்கு கருதத்தக்கது.

கணிதத்தை அறியாமை வேறு, இகழ்தல் வேறு. இதற்கு 1858-ஆம் ஆண்டு அத்திலாந்திக் தந்திக்கம்பியின் கதை சான்றாகும். கடலடிக் கம்பியின் நீளம் இருமடங்காயின் செய்தியின் தாமதம் நான்மடங்காகும் என வில்லியம் தொம்சன் கணித வழியால் முன்னரே காட்டியிருந்தார். சிலாவத்துறை வணிகர் முத்திற் கண்ட வர்க்கக் கணக்கே ஈண்டும் தோன்றுதல் காண்க. மருத்துவத் தொழிலிலிருந்து வந்து அக்கம்பனியின் மின்வல்லுநராயிருந்த வைற்ஹவுஸ் இதனை ஏற்க மறுத்தார். செய்தி செல்லாதபோது ஏறத்தாழ இரண்டாயிரம் வோற்று மின்னழுத்தத்தைக் கம்பியிற் செலுத்தினார். தயாரிப்பிலேயே குறையுடையதாயிருந்த கம்பி சில வாரங்களில் ஊமையாயிற்று. 1866-இலேயே நிலையான தொடர்பு கிட்டியது.

மூன்றாம் வழியைக் காட்டியவர் ஒலிவர் ஹெவிசைட். 1850-இற் பிறந்து, செவிப்புலன் குன்றிய நிலையிற் பயின்ற அவர், பள்ளித் தேர்விற் கேத்திரகணிதத்தில் மிகக் குறைந்த புள்ளியே பெற்றார்; பதினாறு வயதளவிற் பள்ளியை விட்டுத் தந்திப் பணியிற் சேர்ந்தார். 1873-இல் வெளிவந்த மக்ஸ்வெலின் பெருநூல் கைக்கெட்டியபோது அதன் கணிதம் அவருக்கு விளங்கவில்லை. நூலை மூடி வைத்துத் தமக்கு வேண்டிய கணிதத்தைத் தாமே கற்று மீண்டும் அதனைத் திறந்தார். பின்னர் மக்ஸ்வெலின் சமன்பாடுகளை இன்று மாணவர் கற்கும் நான்காகச் சுருக்கியவரும், தொலைதூரக் கம்பியிற் செய்தி சிதையாமைக்குரிய நிபந்தனையை வகுத்தவரும் அவரே. தந்திக்கம்பியோடு பழகிய கை, எந்தக் கணிதம் எதற்கு வேண்டும் என்பதை அறிந்திருந்தது.

இம்மூவர் வரலாறும் ஆசிரியர்க்கு ஒரு நெறியை உணர்த்துகின்றது. கட்டுக்கரைக் குளத்து நீர்மட்டம் உயர வாய்க்காலின் ஓட்டம் மிகுவதையும், வாய்க்கால் ஒடுங்க ஓட்டம் குறைவதையும் கண்ட சிறுவனுக்கு, அழுத்தம், ஓட்டம், தடை என்னும் மூன்றின் தொடர்பு புதிதன்று. மின்கலத்தையும் மானியையும் அவன் கையிற் கொடுத்து, அளந்த எண்களை அட்டவணையிட்டு, வரைபாக வரையச் செய்தபின் ஓமின் விதியைக் கூறினால், அவ்விதி அவன் கண்டதன் பெயராக அமையும். காற்றின் வேகம் இருமடங்காயின் அதன் ஆற்றல் எண்மடங்காகும் என்பதைச் சுழலியின் முன்னிறுத்திக் கூறினால், கன எண் அவனுக்கு வெறுங்குறியன்று. ஆடலோட்டத்துக்குத் திரிகோண கணிதம் வேண்டும்போது, அதனைக் கற்கும் துணிவும் அவனுக்கு உண்டாகும்.

மேலும், கணிதத் தளர்ச்சி யாவும் மதிக்குறையால் விளைவதன்று. 1990-இல் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிலாவத்துறையை உள்ளடக்கிய முசலிப் பகுதியினரும் ஊரிழந்தனர். போர் 2009-இல் முடிவுற்ற பின்னரே பெருமளவில் மீளக் குடியேறினர். இடம்பெயர் வாழ்விற் கல்வியின் தொடர்ச்சி அறுந்தது. ஒருபடி தவறின் மேற்படி எட்டாத பாடம் கணிதம். தவறிய படியைக் கட்டிக் கொடாது, ஏறாதவனைக் குறைகூறல் நீதியன்று. 2013-இல் இலங்கையின் உயர்தர வகுப்புக்களில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டமை ஒரு வாயிலைத் திறந்தது. அதனுட் புகுவோர்க்குத் துணையாதல் ஆசிரியர் கடன்.

மின்னியலுக்குக் கணிதம் இன்றியமையாதது. ஆயினும் அது வாயிற்காவலனாக நிற்றல் வேண்டியதில்லை. வறுமையாற் கணிதம் கல்லாத பரடேக்குப் புத்தகசாலை வழிவிட்டது. பள்ளிவிட்ட ஹெவிசைட்டுக்குத் தந்திநிலையம் வழிவிட்டது. சிலாவத்துறைச் சிறுவனுக்கு வழிவிடும் கடன் பள்ளியினுடையது.